யார் கூப்பிட்டது என்று சொல்லாத போன்

போன வாரம் நந்தினி பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு டெலிபோன் ஆபீஸ் வாடிக்கையாளர் கவுண்டரில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள்.

"மேடம், எந்த போன் வாங்குனா பத்திரம்னு கஸ்டமருங்க கேட்டு உயிர எடுக்கறாங்க. கேமரா வெச்சது வாங்கலாமா, மெமரி கார்டு போடலாமா, லாக் போட்டா வேற யாரும் தொறக்க முடியாதான்னு ஒரே கேள்வி. நீங்க இருந்தப்ப என்ன சொல்லுவீங்க?"

"யாருகிட்டருந்து பத்திரமா இருக்கணும்னு மொதல்ல கேளு" என்றேன்.

"அத எப்படி மேடம் கேக்கறது?"

கேட்க முடியாதுதான். ஆனால் அது தெரியாமல் பதில் சொல்லவும் முடியாது. பஸ்ஸில் பிக்பாக்கெட்டுக்குப் பயந்தவருக்கு ஒரு போன், வீட்டில் மாமியாருக்குப் பயந்தவருக்கு இன்னொரு போன். இரண்டையும் ஒரே கடைக்காரன் ஒரே சிரிப்போடு விற்பான். இதை நந்தினிக்கு போனிலேயே விளக்கியிருக்கலாம், ஆனால் அவள் எதிரில் வரிசை நின்றது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் வளவளவென்று போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பேச்சில் குறுக்கே நுழைவதே பாதி ஆயுளுக்கு வேலையாக இருந்தவள் நான். என் பேச்சை முழுதாகப் பேச இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது.

வேலையில் சேர்ந்ததும் வேலூரில் பயிற்சி எடுத்ததும் பெரிய கதை இல்லை. ஹெட்போன் மாட்டினால் காது வலிக்கும் என்பதையும், வலிக்கிறது என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் அங்கே கற்றேன். கல்யாணமாகி, இரண்டு ஊர் மாறி, 1989-இல் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகி வந்தேன்.

அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு நம்பர் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சுவர் நீளத்துக்கு ஒரு போர்டு, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், துளைக்குத் துளை ஒரு குட்டி விளக்கு. சென்னையோ பெங்களூரோ லைன் கிடைத்ததும் நாங்கள் இரண்டு பக்கத்தையும் ஒயரால் இணைத்து, "பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வோம். விலகுவதற்கு மேசையில் ஒரு கீ இருக்கும். விரல் நீளத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. முன்னால் தள்ளினால் அவர்கள் பேசுவது நம் காதில் விழும், நடுவில் நிறுத்தினால் விழாது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கீயை முன்னால் தள்ளி, "மூணு நிமிஷம் ஆயிடுச்சு, இன்னும் பேசறீங்களா?" என்று கேட்டே ஆக வேண்டும். சண்டை, சாவு, சரசம், எதன் நடுவிலும் நுழைந்து இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வெளியே வருவோம். கேட்கக் கூடாது என்றாலும் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும்.

எங்கள் சூப்பர்வைசர் கரீம் சார் ஆற்காட்டுக்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, உயர்ந்தே அறியாத குரல். பணி நேரம் முழுக்க எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். எங்களைப் பார்க்க மாட்டார், கீக்களைப் பார்ப்பார். எவளுடைய கீயாவது தேவைக்கு ஜாஸ்தியாக முன்னால் சாய்ந்திருந்தால், பென்சிலால் அவள் நாற்காலி முதுகில் ஒரு தட்டு தட்டுவார். திட்டு கிடையாது, மெமோ கிடையாது. அந்தத் தட்டு வாங்கினவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"காதுல விழறது தப்பில்ல சரோஜாம்மா, வேலையே அதுதான். விழுந்தது மூஞ்சில தெரிஞ்சாத்தான் தப்பு" என்பார்.

இதன் கஷ்டம் எனக்குச் சீக்கிரமே புரிந்தது. சின்ன ஊர். போர்டில் குரலாக வருகிறவர்கள் மாலையில் மாட வீதியில் காய்கறிப் பையோடு எதிரே வருவார்கள். எங்கள் தெருவில் கோயில் பூஜை முறை உள்ள ஒரு குருக்கள் குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஒரு காலையில் நான் மூன்று நிமிடம் சொல்ல நுழைந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் இங்கேயுள்ள தங்கள் உறவுக்காரரிடம், "இந்த இடம் வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு, பக்குவமா சொல்லிடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நான் வீடு திரும்புகையில் குருக்கள் வீட்டு மாமி என்னை உள்ளே இழுத்துப் போய் நிச்சயதார்த்தப் புடவையைப் பிரித்துக் காட்டினாள். "கலர் நன்னாருக்காடி சரோஜா?" என்றாள். நன்றாக இருக்கிறது மாமி என்றேன். இரண்டு நாள் கழித்து அதே மாமி விஷயத்தைச் சொல்லி அழுதபோது, "அப்படியா மாமி!" என்று நான் அதிர்ந்தாக வேண்டியிருந்தது. அன்று நானும் அழுதேன். அழுகை நடிப்பில்லை, "அப்படியா" மட்டும்தான் நடிப்பு.

எங்களுக்கு எல்லாச் செய்தியும் இரண்டு தடவை வரும். முதல் தடவை போர்டில், இரண்டாம் தடவை வாசலில். இரண்டாவதை முதலாவதாகக் கேட்கத் தெரிந்தவள்தான் ஆபரேட்டர்.

கரீம் சாரை நான் மனதாரத் திட்டிய நாள் ஒன்று உண்டு. ஒரு மதியம் ஆம்பூரிலிருந்து அவசரக் கால் வந்தது. பேசியவர் பதற்றத்தில் என்னிடமே, "சீக்கிரம் குடும்மா, மவுத்து சேதி. அவரு அண்ணன் தவறிட்டாரு" என்று சொல்லி ஒரு நம்பர் கொடுத்தார். அது கரீம் சார் வீட்டு நம்பர். இணைத்துவிட்டுத் திரும்பினால் அவரே என் பின்னால் நிற்கிறார்.

"சார்..."

"லைன் குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன் சார், ஆனா அது உங்க..."

"குடுத்தாச்சுன்னா கீய எடுங்க."

"சார், உங்க வீட்டுக்கு சார்."

"வீட்டுக்குத்தானே வந்துச்சு, எனக்கு வரலியே. எனக்கு வரவேண்டியது வீட்லருந்து வரும்."

மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி புரிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி ரிக்‌ஷாவில் வந்து வாசலில் இறங்கினார். கரீம் சார் படியிறங்கிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அந்த அம்மா சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு வேப்பமரத்தடியில் தரையிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதுவரை அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

கூடப் பிறந்தவன் சாவுக்குக்கூட ரூல்ஸ் பார்க்கிற இவர் என்ன மனுஷர் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் திரும்பி வேலைக்கு வந்த பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டே விட்டேன். கோபிக்கவில்லை. "நீங்க சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா, எங்க வீட்ல வந்து நிக்கும்போது நான் என்ன பண்ணியிருப்பேன்? அழுதுகிட்டு சொல்ல வந்தவகிட்ட, தெரியும்னு எப்படிம்மா சொல்றது?" என்றார். அதற்கு மேல் நான் அவரைத் திட்டவில்லை.

பிறகு தானாக இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வந்தது. போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள். ஊரெங்கும் எஸ்.டி.டி. பூத் முளைத்தது. பேச்சு வெளியே கேட்காமலிருக்க அதற்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். உள்ளே வெந்து போகும் என்பதால் கதவைக் காலால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்துக்கொண்டுதான் எல்லோரும் பேசுவார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டம் வரிசையில் நின்று ஒருத்தர் வீட்டுச் சண்டையை முழுதாகக் கேட்டுவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் சொல்லும்.

செல்போன் வந்தபோது நான் வேங்கிக்கால் போகிற ரோட்டில் எங்கள் சேவை மையத்தின் கவுண்டரில் இருந்தேன். பக்கத்து சீட்டில் பாலாஜி என்கிற இளைஞன், புதுசாகக் கல்யாணமானவன், தங்கமான பையன். புது சிம் எடுத்தவருடைய பெயரையும் நம்பரையும் விலாசத்தையும் திரையைப் பார்த்து உரக்கப் படிப்பான். வாடிக்கையாளர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அவரோடு சேர்ந்து கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் சரிபார்த்துக்கொள்வார்கள். ஒரு காலேஜ் பெண் சிம் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு முதல் ராங் கால் வந்துவிட்டது. அன்றிலிருந்து துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டச் சொன்னேன். கொஞ்ச நாள் எழுதிக் காட்டுவான், கூட்டம் சேர்ந்தால் பழையபடி பாடத் தொடங்கிவிடுவான்.

அந்த நாட்களில்தான் அமுதா வந்தாள். அமுதா என்பது அவள் பெயர் இல்லை. கீழ்பென்னாத்தூர் என்று எழுதப்போவதும் அவள் ஊர் இல்லை, திவ்யா என்பதும் அவள் மகள் பெயர் இல்லை. மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

கூட்டம் இல்லாத சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தாள். வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட், பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள்.

"மேடம், ரெண்டு போன் வேணும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்கம்மாவுக்கு. எங்கம்மா போன யாரு எடுத்து நோண்டுனாலும் என் நம்பர் தெரியக் கூடாது."

"யாருன்னா, யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள்.

கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டு எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. அவர் கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவர். இவள் யாரோடு பேசினாலும் சந்தேகம், சந்தேகம் வந்தால் அடி. கை உடைந்த பிறகு மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்துவிட்டாள். கோர்ட்டில் கேஸ் நடந்தது, வாய்தாவுக்கெல்லாம் வக்கீல்தான் போவார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் திவ்யா ஊரில் அவள் அம்மாவிடம் இருந்தாள், விடுதியில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். குழந்தையைப் பார்க்கிற சாக்கில் அவர் அந்த வீட்டுக்கு வந்து, பெட்டி படுக்கையெல்லாம் கொட்டி, "அவ எங்க?" என்று தேடுவார். எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"தெரிஞ்சா வந்துடுவாரு மேடம். பாத்த எடத்துல வெட்டுவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காரு."

அதுவரை மகளோடு பேச அவளுக்கு இருந்தது ஒரு பி.பி. நம்பர். நம் வீட்டில் போன் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, பி.பி. என்று எழுதுவோமே, அதுதான். பக்கத்து வீட்டம்மா குழந்தையைக் கூப்பிட்டு விட்டுவிட்டு, அங்கேயே முறத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் இவள் கணவருக்கு ஒருவகையில் சொந்தம். ஒரு பௌர்ணமி அன்று அமுதா பேசிக்கொண்டிருக்கும்போது ரோட்டில் போன கூட்டம் அரோகரா போட்டது. மறுமுனையில் அந்த அம்மா ரிசீவரை வாங்கி, "கோயில் சத்தமாட்டம் கேக்குதே, எங்கருந்து பேசற?" என்று கேட்டாள். அமுதா வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் அந்த நம்பருக்குப் பேசவில்லை, அதாவது மகளோடு பேசவில்லை.

"தூங்கறப்பகூட அவ கொரலு கேக்குது மேடம்" என்றாள்.

போன் விற்கிற கடை எங்கள் மையத்துக்கு எதிரிலேயே இருந்தது. அவளோடு நானே போனேன். கடைக்காரர் கலர் திரையையும் பாட்டையும் காட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதெல்லாம் வேறு. திறக்க ரகசிய எண் கேட்குமா? சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அதற்கும் எண் கேட்குமா? வந்த கால், போன கால் எல்லாவற்றையும் அழிக்க முடியுமா? மணி அடிக்காமல் உதற மட்டும் செய்யுமா?

"யம்மா, நீங்க போன் வாங்க வந்தீங்களா, பீரோ வாங்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். அமுதா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

இரண்டு கறுப்பு வெள்ளைத் திரை போன் வாங்கினோம். பழையது மலிவாகக் கிடைத்தது, வேண்டாமென்றேன். யார் கையிலிருந்து வந்தது, யாருக்கு அந்த போனோடு என்ன சகவாசம் என்று நமக்குத் தெரியாது. சிம்முக்கும் போனைத் திறப்பதற்கும் ரகசிய எண் போட்டுக் கொடுத்தேன். அம்மா போனில் எந்தப் பெயரும் பதியக் கூடாது என்றேன். காசு தீர்ந்தால் கடையில் நம்பர் சொல்லி ஏற்றக் கூடாது, கார்டு வாங்கிச் சுரண்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் நம்பர் சொன்னால் அது அங்கே நிற்கிற எல்லோருக்கும் சொன்னதாகும். பேசி முடித்ததும் வந்த காலை அழித்துவிட வேண்டும். வக்கீல் ஆபீசுக்கு வந்த அம்மாவிடம் அமுதா போனைக் கொடுத்துக் காட்டியபோது அவருக்கு அது வரவில்லை, கூட வந்த திவ்யா ஒரே தடவையில் கற்றுக்கொண்டாள்.

அமுதா எப்போதாவது கார்டு வாங்க வருவாள். "பேசிட்டேன் மேடம். முன்பல்லு விழுந்துடுச்சாம், பேச்சு புஸ்ஸுபுஸ்ஸுனு வருது" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆனால் பல் முளைத்துவிட்டதா என்று நானே கேட்க ஆரம்பித்திருந்தேன்.

தப்பு நடந்தது யாரும் நினைக்காத இடத்தில். நம் ஊரில் மிஸ்டு கால் என்பது ஒரு தனிப் பாஷை. ஒரு ரிங் விட்டு நிறுத்தினால் 'நீ கூப்பிடு' என்று அர்த்தம், காசும் போகாது. அமுதாவின் அம்மாவுக்கு நம்பர் போடத் தெரியாது. அதனால் திவ்யா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். பச்சைப் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் கடைசியாகப் போன நம்பருக்கே மறுபடி போகும். அதற்காக வந்த கால்களை மட்டும் அழித்துவிட்டு, போன காலை அழிக்காமல் விட்டுவைத்தாள் அந்தச் சின்னப் பெண். பாட்டி ஏங்குகிறபோது, குழந்தை ஏங்குகிறபோது, பச்சைப் பட்டன் இரண்டு தடவை.

ஒருநாள் அவர் வந்து தேடியதில் அரிசி டின்னுக்குப் பின்னால் போன் அகப்பட்டது. பேசிவிட்டு அப்போதுதான் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது, பூட்டு விழுந்திருக்கவில்லை. அவரும் பச்சைப் பட்டனை இரண்டு தடவை அமுக்கினார். வழக்கமாக ஒரு ரிங்கில் நின்றுவிடும் போன் விடாமல் அடித்ததால், அவசரம் என்று நினைத்து அமுதா எடுத்துவிட்டாள்.

"சொல்லும்மா, பாப்பா சாப்ட்டாளா?"

"நல்லாருக்கியா அமுதா?" என்று அவர் கேட்டாராம். அவ்வளவுதான்.

சிம்மை அன்றே ஒடித்துப் போட்டுவிட்டாள். ஆனால் நம்பர் அவர் கைக்குப் போய்விட்டது. அந்த நம்பருக்குரிய விடுதி விலாசம் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது.

அவர் எங்கள் மையத்துக்கு வந்தே விட்டார். மாவட்டத்துக்கே பெரிய மையம் எங்களுடையதுதான், வேறெங்கே போவார்? நெற்றியில் விபூதி, சலவைச் சட்டை, பணிவான பேச்சு. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. பாலாஜியிடம் ஒரு சீட்டை நீட்டி, "சார், எங்க வீட்ல போன தொலைச்சிட்டாங்க. இதான் நம்பரு. எந்த அட்ரஸ்ல இருக்குதுன்னு பாத்து சொன்னீங்கன்னா மாத்திக்கலாம்" என்றார். பாலாஜி நம்பரைத் தட்டினான். திரை வந்தது. வழக்கம்போல உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.

"பேரு, அமுதா..."

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கையிலிருந்த பேனாவால் அவன் நாற்காலி முதுகில் ஓங்கித் தட்டினேன். பாலாஜி நிறுத்திவிட்டான். அடுத்த வரியில் விலாசம் இருந்தது.

"பேரு கரெக்டுதாங்க. அட்ரஸ் மட்டும்..." என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் வரணும் சார்."

"நான் அவ புருஷன் மேடம்."

"இருக்கட்டும் சார். அவங்கள வரச் சொல்லுங்க."

அப்போது அவர் அழ ஆரம்பித்தார். மனைவி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள், குழந்தை அம்மா அம்மா என்று ஏங்குகிறது, ஒரு தடவை பார்த்துப் பேசினால் போதும், காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போவேன் என்றார். வரிசையில் நின்றவர்களுக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், சொல்லிடுங்களேம்மா. குடும்பம் சேரட்டும்" என்றார் ஒரு பெரியவர். பாலாஜி என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தான்.

ஏற்கனவே மறுபக்கத்திலிருந்து கேட்ட கதையை நான் முதல் தடவையாகக் கேட்க வேண்டும். "அப்படியா! அடப்பாவமே, எப்பங்க போனாங்க?" என்றேன். "கொழந்தைக்கு எத்தன வயசு சார்? பொண்ணா பையனா?" என்று கேட்டேன். விழுந்த பல் முளைத்துவிட்டது வரை எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டென்று கேட்டார்: "அவ இங்க வந்திருக்காளா மேடம்? நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஒரு நாளைக்கு எத்தன பேரு வராங்க சார். மூஞ்சியா ஞாபகம் இருக்கும்?"

என் முகத்தையே பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருபது வருஷம் பழகிய முகம், அது என்னைக் கைவிடவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் அழுதது பொய் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். நிஜமாகவே அழுதார். நிஜமாகவே வெட்டவும் செய்திருப்பார்.

பாலாஜியிடம் அவளைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. மேடம் கல்நெஞ்சுக்காரி என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதன் பிறகு யார் நம்பரையும் அவன் உரக்கப் படித்ததில்லை.

அந்த வாரமே அமுதா வந்தாள். விடுதியை மாற்றிவிட்டிருந்தாள். அவர் வந்து போனதைச் சொன்னேன். "இனிமே போனே வேணாம் மேடம்" என்றாள். எழுந்து போனவளை உட்காரவைத்தேன்.

"உங்கம்மா வூட்டுக்கு லேண்ட்லைன் போட்டுக்கலாம்மா. நம்பர் காட்டற டப்பா இல்லாத சாதாரண போன். யாரு கூப்டாங்கன்னு அதுக்கே தெரியாது. அப்புறம் அது யாருகிட்ட சொல்லும்?"

ஊரெல்லாம் லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் அவள் அம்மா பெயரில் ஒன்று போட்டோம். வெளியே போகிற காலை எக்ஸ்சேஞ்சிலேயே பூட்டச் சொன்னேன், அதனால் திரும்ப அமுக்கிப் பார்க்கவும் ஒன்றுமில்லை. அமுதா வேறு நம்பர் வாங்கினாள், அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு ரிங் விட்டு நிறுத்தி, மறுபடி கூப்பிடுவாள். திவ்யா குரல் கேட்டால் மட்டும் பேசுவாள். அவர் அடுத்த முறை வந்தபோது ரிசீவரைக் காதில் வைத்து எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "யாரு பேசறா இதுல?" என்று கத்தினாராம். "யாரோ ராங் நம்பரு, இன்னா தெரியும் எனக்கு" என்றாராம் அமுதாவின் அம்மா.

அப்படியே ஓடியது. கடைசியில் குழந்தை தாயோடுதான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் தீர்ப்பானது. அமுதாவுக்குத் தொலைவில் ஒரு வேலையும் கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தாள். லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது திவ்யாவையும் அழைத்து வந்திருந்தாள்.

"டெபாசிட் திரும்பி வரும்மா. எந்த அட்ரசுக்கு அனுப்பச் சொல்லட்டும்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் சம்பளத்துக்கு அது விட்டுவிடுகிற பணமில்லை. "வேணாம் மேடம், அது இங்கயே இருக்கட்டும்" என்றாள். விலாசம் எழுதுகிற இடத்தில் நான் ஒரு கோடு இழுத்தேன்.

திவ்யா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு என் நாற்காலி அருகே வந்தாள். முன்பல் இரண்டும் பெரிதாக, அழகாக முளைத்திருந்தன. "நீங்கதான் சரோஜா மேடமா? நாங்க ரயில்ல போறோம். எங்க தெரியுமா..."

அவள் வாயை என் கையால் பொத்திவிட்டேன்.

"வேணாம் கண்ணு. எங்கிட்ட சொல்லாத."

எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஊரில் பள்ளிக்கூடம் எப்படி, தண்ணீர் கிடைக்குமா, வீட்டு ஓனர் நல்லவரா என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அமுதாவின் புருஷன் மறுபடி வந்து என் முகத்தைப் பார்ப்பார். இன்னொரு தடவை அந்த முகத்தை வைத்திருக்க எனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அமுதா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

குழந்தை என் கையை மெதுவாக விலக்கினாள். "அப்போ நீங்க எங்களுக்கு எப்படி போன் பண்ணுவீங்க?"

"நான் பண்ண மாட்டேன். நீ பண்ணு. இனிமே பயமில்லன்னு உங்கம்மா என்னைக்கு சொல்றாங்களோ, அன்னைக்குப் பண்ணு."

என் வீட்டு நம்பரைச் சொன்னேன். எழுதித் தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், ஒரு எண் தப்பாமல் திருப்பிச் சொன்னாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு செல்போன். அந்தப் பழைய லேண்ட்லைன் அடிப்பதே இல்லை. "எதுக்கும்மா தண்டமா வாடகை கட்டிட்டு? சரண்டர் பண்ணிடலாம்" என்று பில் வரும்போதெல்லாம் என் மகன் சொல்கிறான். முடியாது என்கிறேன். நம்பர் மாறிப்போனால், அதை அந்தக் குழந்தைக்குச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.